கைத்தொலைபேசிச் செயலி செய்யப் புறப்படுகிறவருக்கு: கருவித் தெரிவு, ஆவணங்கள், செலவு, காலம்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருந்துகொண்டு முதன்முதலாக ஒரு செயலியைச் செய்து வெளியிட நினைப்பவருக்கு, எந்தக் கருவி சிறந்தது என்று இணையத்தில் நடக்கும் விவாதங்களில் பெரும்பகுதி பயன்படாது. வேகமான இணைப்பும், நினைவகம் நிறைந்த கணினியும், டொலரில் பணம் கட்டத் தடையில்லாத அட்டையும் உள்ள ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. இந்தக் கட்டுரை வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, ஓரளவு நிரல் எழுதத் தெரிந்து, கடைக்காரர் ஒருவர் "எங்களுக்கும் ஒரு அப் செஞ்சு தாங்க தம்பி" என்று கேட்டதும் தலையாட்டிவிட்டு வந்திருப்பவருக்கானது. இந்த வேலையை நானும் தட்டுத்தடுமாறித்தான் கற்றேன். எந்த இடத்தில் காலமும் காசும் வீணாகின்றன என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் உங்களுக்கு அந்த அலைச்சல் குறையும்.

1. கருவியின் பெயரைச் சொல்வதற்கு முன் நான்கு பதில்களை எழுதுங்கள்

செயலியைப் பயன்படுத்தப் போகிறவரின் கையில் என்ன தொலைபேசி இருக்கிறது? அது எந்தப் பொருளோடு, அதாவது எந்தப் பட்டியல் (பில்) அச்சு இயந்திரத்தோடு அல்லது மின்தராசோடு, பேச வேண்டும்? சிக்னல் இல்லாதபோதும் வேலை நடக்க வேண்டுமா? இரண்டு வருடங்களுக்குப் பின் அதைப் பராமரிக்கப் போகிறவர் யார்? இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, வேலையைத் தந்தவரிடமே காட்டி உறுதிப்படுத்துங்கள்.

இதைப் பெரிய விடயமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாழைச்சேனைப் பக்கத்து மீன் வாடியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோணிகள் கரைக்கு வரும் விடியற்காலையில் கணக்கு எழுதுபவர் ஈரக் கையோடு தொலைபேசியைத் தொடுகிறார்; திரையில் நீர்த்துளி விழுந்தால் சிறிய பொத்தான்கள் சொன்னபடி கேட்பதில்லை; நிறையைப் போட்டவுடன் துண்டுச்சீட்டு அச்சாக வேண்டும்; அந்த நேரத்தில் இணைப்பு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருப்பவருக்கோ படங்கள் அழகாகத் தெரிய வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் ஐபோனில் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். இவ்விரண்டுக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைப்பவர் இரண்டு வேலைகளையும் பார்த்திராதவர் என்றே நான் எண்ணுகிறேன்.

2. செயலி தேவைதானா என்று பாருங்கள்

பொருட்பட்டியல், விலை, முன்பதிவுப் படிவம் ஆகியவை மட்டும் போதுமென்றால், முகப்புத் திரையில் நிறுவிக்கொள்ளக்கூடிய இணையத்தளம் ஒன்றே போதும். அண்ட்ரொயிட்டில் குரோம் வழியாகவும், ஐபோனில் சஃபாரி வழியாகவும் அதை முகப்புத் திரையில் சேர்க்கலாம், ஐஓஎஸ் 16.4 முதல் அவ்வாறு சேர்த்த தளங்கள் அறிவிப்புகளையும் அனுப்ப முடியும். பிளே ஸ்டோர் போன்ற செயலிக் கடையில் கணக்கு, அவர்களின் பரிசீலனை, 8ஆம் பகுதியில் வரும் 14 நாள் சோதனை எதுவும் இதற்கு வேண்டியதில்லை.

இந்த வழி அடைபடும் இடம் அச்சு இயந்திரம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல பட்டியல் அச்சு இயந்திரங்கள் பழைய வகைப் புளூடூத்தில் இயங்குகின்றன. இணைய உலாவிகளின் 'வெப் புளூடூத்' வசதி குறைந்த மின்சக்திப் புளூடூத்துக்கு மட்டுமே உரியது. சஃபாரியில் அதுவும் இல்லை. ஆகவே அச்சிட வேண்டுமென்றால் பெரும்பாலும் செயலிதான் வழி.

3. கணினியையும் டேட்டாவையும் கணக்கிடுங்கள்

அண்ட்ரொயிட் செயலிகளை எழுதும் மென்பொருளான அண்ட்ரொயிட் ஸ்டூடியோவுக்கு 8 ஜிபி ரேம் குறைந்தபட்சம். அதனுள்ளேயே மாதிரித் தொலைபேசியையும் (எமுலேட்டர்) ஓட்ட விரும்பினால் 16 ஜிபி வேண்டும். 8 ஜிபி மட்டுமே உள்ளவர் மாதிரித் தொலைபேசியை நிறுவாமல் உண்மையான தொலைபேசியிலேயே சோதிப்பது நல்லது: அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தொட்டால் உருவாக்குநர் தெரிவுகள் திறக்கும், அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கிக் கேபிளால் இணைத்துவிடலாம். அண்ட்ரொயிட் 11 முதல் கேபிள் இல்லாமல் வைஃபை மூலமும் இணைக்கலாம். வாடிக்கையாளரின் தொலைபேசி எந்த ரகமோ அதே ரகத்தில், 2 அல்லது 3 ஜிபி ரேம் உள்ள பழைய தொலைபேசியொன்றைக் கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புதுத் தொலைபேசியில் வழுக்கிக்கொண்டு ஓடும் பட்டியல் பழையதில் எப்படித் திணறுகிறது என்பதை அது முதல் நாளே காட்டிவிடும்.

பதிவிறக்கம் இன்னொரு செலவு. ஸ்டூடியோ மட்டும் 1 ஜிபியைத் தாண்டும்; அதன்மேல் கருவித் தொகுதிகளும், முதற் கட்டமைப்பின்போது, நிரலைச் செயலியாகக் கட்டித்தரும் கருவியான கிரேடில் தானாக இறக்கிக்கொள்ளும் நூலகங்களும் வரும். நகரில் பைபர் இணைப்புள்ளவருக்கு இது ஒரு பொருட்டல்ல. படுவான்கரையில் தொலைபேசி டேட்டாவை நம்பி இருப்பவருக்கு மாதப் பொதியே இதில் கரைந்துவிடலாம். இரவுநேர டேட்டா தனியாக உள்ள பொதியென்றால் முதல் நிறுவலை அந்த நேரத்தில் வையுங்கள். எல்லாம் ஒருமுறை இறங்கியபின் கிரேடிலை இணைப்பில்லா முறைக்கு மாற்றிவிட்டால் அன்றாட வேலைக்கு டேட்டா மிகக் குறைவாகவே போகும். நூலகப் பதிப்புகளைக் காரணமில்லாமல் புதுப்பிக்கும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு புதுப்பித்தலும் மறுபடியும் பதிவிறக்கத்தில் முடியும்.

4. மூன்று கருவிகளில் ஒன்றைத் தெரியுங்கள்

நடைமுறையில் நீங்கள் தெரிய வேண்டியது கோட்லின், ஃபிளட்டர், ரியக்ட் நேட்டிவ் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான். சி ஷார்ப் மொழியில் செயலி எழுதும் ஸமாரின் பற்றிய பழைய பாடங்கள் இன்னும் யூடியூபில் கிடைக்கின்றன. அதற்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2024 மே 1 உடன் நிறுத்திவிட்டது. சி ஷார்ப் மட்டுமே தெரியுமென்றால் அதன் வாரிசான மாவியைப் பார்க்கலாம், ஆனால் நம் வட்டாரத்தில் சந்தேகம் கேட்கவோ வேலையைக் கைமாற்றவோ ஆள் கிடைப்பது கடினம்.

கோட்லின் மொழியோடு, திரைகளை அமைக்கும் ஜெட்பேக் கம்போஸ் சேர்ந்தது அண்ட்ரொயிட்டின் சொந்த வழி. ஜாவா படித்தவர்களுக்கு மொழி விரைவில் பிடிபடும். அச்சு இயந்திரம், தராசு, பின்னணியில் தரவு அனுப்புதல் போன்ற தொலைபேசியின் அடியாழத்தைத் தொடும் வேலைகளில் இதற்கு நிகரில்லை. ஏனெனில் வேறொருவர் எழுதிய இணைப்பு நூலகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குறை, ஐபோனுக்கு நேரடியாகப் போகாது. கோட்லின் மல்டிபிளாட்போர்ம் அதற்கு ஒரு வழி தருகிறது என்றாலும், தனியாளாக முதல் செயலியைச் செய்பவர் அதில் இறங்குவதை நான் ஊக்குவிக்கமாட்டேன்.

ஃபிளட்டர் கூகுளுடையது, மொழி டார்ட். ஒரே நிரல் அண்ட்ரொயிட்டிலும் ஐபோனிலும் ஓடும். திரையில் காணும் ஒவ்வொன்றையும் தானே வரைவதால், சாம்சுங்கிலும் மலிவான சீனத் தொலைபேசியிலும் வடிவமைப்பு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். 'ஃபிளட்டர் டொக்டர்' என்ற கட்டளை கணினியில் என்ன குறைகிறது என்பதை வரிவரியாகச் சொல்லிவிடுவதால் நிறுவலில் அலைச்சல் குறைவு. சிக்கல் பழைய பாடங்களில் உள்ளது: 2023இல் வந்த டார்ட் 3, வெற்று மதிப்புப் பாதுகாப்பு (நல் சேஃப்டி) இல்லாத பழைய நிரலை ஏற்பதில்லை. அதற்கு முந்திய காணொளியைப் பார்த்து எழுதினால் சிவப்பு வரிகள் நிறைந்துவிடும், உங்கள் அறிவில்தான் குறையோ என்று தோன்றும்.

ரியக்ட் நேட்டிவ், ஏற்கெனவே ரியக்டில் இணையத்தளம் செய்தவருக்குரியது, மொழி ஜாவாஸ்கிரிப்ட். அதன் அதிகாரபூர்வ ஆவணங்களே எக்ஸ்போ போன்ற சட்டகத்தோடு தொடங்கச் சொல்கின்றன. எக்ஸ்போ கோ செயலியைத் தொலைபேசியில் போட்டுக் குறியை ஸ்கேன் செய்தால் உங்கள் செயலி சில நிமிடங்களில் திரையில் வந்துவிடும். அந்த மகிழ்ச்சியில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. பழைய வகைப் புளூடூத் போன்ற, எக்ஸ்போ கோவுக்குள் இல்லாத பகுதிகளைச் சேர்த்தவுடன் அது ஓடாது. தனியான சோதனைக் கட்டமைப்பொன்றை உருவாக்க வேண்டும், அதற்கு மீண்டும் அண்ட்ரொயிட் கருவிகளோ எக்ஸ்போவின் மேகச் சேவையோ தேவைப்படும். 0.76ஆம் பதிப்பு முதல் ரியக்ட் நேட்டிவ் அண்ட்ரொயிட் 7இற்குக் கீழே இயங்குவதில்லை என்பதையும், முதற்படியில் எழுதிய தொலைபேசிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

என் தீர்ப்பு இதுதான். அண்ட்ரொயிட் மட்டும், அதோடு அச்சு இயந்திரமோ தராசோ உண்டு என்றால் கோட்லின். இரண்டு தொலைபேசி வகைகளும் வேண்டும், நீங்கள் தனியாள், ஜாவாஸ்கிரிப்ட்டில் பெரிய பழக்கமில்லை என்றால் ஃபிளட்டர். ரியக்டில் உங்கள் கை ஏற்கெனவே ஓடுகிறது, செயலியும் பெரும்பாலும் இணையத்திலிருந்து தரவைக் காட்டுவதே என்றால் ரியக்ட் நேட்டிவ். எது வேகமானது என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். கடைக்குச் செய்யும் ஒரு பட்டியல் செயலியில் அந்த வித்தியாசத்தை யாரும் உணரப்போவதில்லை.

5. முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனைச் செயலி எழுதுங்கள்

ஒப்புக்கொள்வதற்கு முன் தெரிந்தெடுத்த கருவியில் ஒரே ஒரு திரையைச் செய்யுங்கள். அதில் மூன்று விடயங்களை மட்டும் சோதித்தால் போதும்.

முதலாவது தமிழ். திரையில் எழுத்து தெரிகிறது என்பதோடு திருப்திப்பட வேண்டாம். கோட்லின், டார்ட், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்று நிரல்மொழிகளிலும் 'மட்டக்களப்பு' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 12 என்றே பதில் வரும். கண்ணுக்குத் தெரிவதோ எட்டு எழுத்துகள். புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதே காரணம். ஆகவே வாடிக்கையாளர் பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டப்போய், கோமதி என்பவருக்கு வெறும் 'க' வந்து நிற்கும். டார்ட்டில் 'கரக்டர்ஸ்' என்ற தொகுதியும், கோட்லினில் 'பிரேக் இட்டரேட்டர்' வகுப்பும் இதைச் சரியாக வெட்டித் தருகின்றன.

தேடலில் இதைவிட நுட்பமான சிக்கல் இருக்கிறது. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் துணைக்காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. பழைய எக்செல் கோப்பிலிருந்து பொருட்பட்டியலை ஏற்றிவிட்டுத் தொலைபேசியில் 'கொச்சிக்காய்' என்று தேடினால் ஒன்றுமில்லை என்று வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை ஒரே வடிவத்துக்குச் சீராக்க வேண்டும். அதற்குரிய வசதி ஜாவாஸ்கிரிப்ட்டிலும் கோட்லினிலும் உள்ளேயே உண்டு. டார்ட்டில் வெளித்தொகுதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். சீராக்கியும் தீராத ஒன்று, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ஔகாரமாக்கிவிடும் பழக்கம். 'ஒளவை', 'ஔவை' இரண்டையும் தேடலில் சமமாக்க நீங்களே ஒரு விதி எழுதத்தான் வேண்டும்.

பிறகு தொலைபேசியின் எழுத்தளவை மிகப் பெரியதாக்கிப் பாருங்கள். வயதான கடைக்காரர்கள் அப்படித்தான் வைத்திருப்பார்கள். உயரம் நிலையாகக் குறிக்கப்பட்ட பெட்டிகளில் இகரக் குறியின் மேற்பகுதி அறுபடும், பொத்தானில் எழுதிய சொல் இரண்டு வரியாக மடியும். 'அனுப்பு' என்றாலே விளங்கும் இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதாமலிருப்பது பாதி வைத்தியம்.

இரண்டாவது அச்சு. தமிழை அப்படியே அனுப்பினால் மலிவான அச்சு இயந்திரம் கேள்விக்குறிகளையோ சீன எழுத்துகளையோ கக்கும். அதனுள் தமிழ் எழுத்துருவே கிடையாது. பட்டியலைப் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி அனுப்ப வேண்டும். 58 மில்லிமீற்றர் தாளுக்கு அகலம் வழமையாக 384 புள்ளிகள். கோட்லினில் இதை நீங்களே எழுதிவிடலாம். ஃபிளட்டரில் திரையின் ஒரு பகுதியைப் படமாக எடுக்கும் வசதி உண்டு. அனுப்புவதற்குத்தான் வெளித்தொகுதி தேவை. அந்தத் தொகுதி கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். அண்ட்ரொயிட் 12 முதல் புளூடூத்துக்குத் தனியான அனுமதிகள் கேட்கப்பட வேண்டும். அதற்கு முன் கைவிடப்பட்ட தொகுதி புதிய தொலைபேசியில் இணையவே மறுக்கும்.

மூன்றாவது, விமானப் பயண முறையில் போட்டுவிட்டுப் பத்துப் பதிவுகளை எழுதி, செயலியை மூடித் திறந்து, பின் இணைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பத்தும் ஒருமுறை மட்டும் மேலே போயிருக்க வேண்டும். மாரியில் மின்சாரமும் சிக்னலும் சேர்ந்து போகும் ஊரில் இது ஆடம்பரமல்ல. மூன்று கருவிகளிலும், தொலைபேசியிலேயே தரவைச் சேமிக்கும் எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்தலாம் என்பதால் இதில் கருவியைவிட உங்கள் வடிவமைப்பே முக்கியம்.

இன்னொரு எச்சரிக்கை. "வாடிக்கையாளருக்கு என் போனிலிருந்தே எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும்" என்று கேட்பார்கள். மூன்று கருவிகளிலும் எழுதிவிடலாம். ஆனால் எஸ்எம்எஸ் அனுமதிகளைக் கூகுள் பிளே கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது, விதிவிலக்கில்லாத செயலி நிராகரிக்கப்படும். செய்தியை நிரப்பி எஸ்எம்எஸ் திரையைத் திறந்துவிடுவது, அல்லது கட்டணச் சேவையொன்றின் வழியாகச் சேவையகத்திலிருந்து அனுப்புவது என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

6. ஐபோன் வேண்டுமென்றால் விலையைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

எந்தக் கருவியில் எழுதினாலும் ஐபோனுக்கான இறுதிக் கட்டமைப்புக்கு மக் கணினியும், அதில் ஓடும் அப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோடும் வேண்டும். மக் இல்லாதவருக்குக் கோட்மஜிக், எக்ஸ்போவின் மேகச் சேவை போன்றவை தொலைவிலுள்ள மக்கில் கட்டித் தருகின்றன. இரண்டிலும் மட்டுப்படுத்தப்பட்ட இலவச அளவு உண்டு. அப்பிளின் உருவாக்குநர் உறுப்புரிமை வருடத்துக்கு 99 டொலர். இலவசக் கணக்கில் உங்கள் சொந்த ஐபோனில் போட்டுப் பார்க்கலாம், ஏழு நாளில் அது காலாவதியாகும்.

பழைய மக் மலிவாகக் கிடைக்கிறதென்று இன்டெல் சிப் உள்ளதை வாங்க வேண்டாம். 2025இல் வந்த மக்ஓஎஸ் 26 தான் இன்டெல்லுக்கான கடைசிப் பதிப்பு. அப்பிளோ சமர்ப்பிப்புக்குத் தேவையான எக்ஸ்கோட் பதிப்பைக் காலத்துக்குக் காலம் உயர்த்திக்கொண்டே போகிறது.

7. கணக்குத் திறப்பதற்கான ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

நிரல் எழுதத் தொடங்கும் வாரத்திலேயே கூகுள் பிளே உருவாக்குநர் கணக்கையும் திறக்கத் தொடங்குங்கள். கட்டணம் ஒரு தடவை மட்டும், 25 டொலர். முற்கொடுப்பனவு அட்டைகள் ஏற்கப்படுவதில்லை. வீசா அல்லது மாஸ்டர்கார்ட் டெபிட் அட்டை போதும், ஆனால் அதில் இணையவழி வெளிநாட்டுக் கொடுப்பனவு இயக்கப்பட்டிருக்க வேண்டும். வங்கியில் முன்கூட்டியே கேட்டுச் செயற்படுத்திக்கொள்ளுங்கள்.

அடையாளத்துக்கு அரசு வழங்கிய ஆவணம் கேட்கப்படும். ஆங்கிலத்தில் பெயரில்லாத பழைய தேசிய அடையாள அட்டையை அனுப்பி இழுபடுவதைவிட, கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கணக்கில் எழுதும் பெயர் ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலோடு அப்படியே பொருந்த வேண்டும். நம்மவர் பெயர்களில் தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் இருப்பது வழமை. முகவரியிலும் ஒன்றில் வீட்டிலக்கம், இன்னொன்றில் ஊர்ப்பெயர் மட்டும் என்றிருக்கும். அதனால் அனுப்பப்போகும் எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே படிவத்தை நிரப்புங்கள். தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் குறியீடு மூலம் சரிபார்க்கப்படும். புதிய தனிநபர் கணக்குக்கு உங்களிடம் உண்மையான அண்ட்ரொயிட் தொலைபேசி இருப்பதையும், உருவாக்குநர்களுக்கான கூகுளின் பிளே கொன்சோல் செயலி வழியாகக் காட்ட வேண்டும்.

தனிநபர் கணக்கில் உங்கள் பெயரும் நாடும் மின்னஞ்சலும் பொதுவில் தெரியும். செயலி மூலம் பணம் ஈட்டினால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரி வெளியே போவதில் சங்கடமுள்ளவர்கள், குறிப்பாகத் தனியாக வேலை செய்யும் பெண்கள், இதை முன்னரே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குக்கென்று புதிய மின்னஞ்சல் ஒன்றைத் திறப்பது நல்லது.

நிறுவனக் கணக்கென்றால், நிறுவனங்களை அடையாளம் காட்டும் டி-யூ-என்-எஸ் இலக்கம் வேண்டும். அது இலவசம்தான், ஆனால் கைக்கு வர 30 நாட்கள் வரை செல்லலாம். அதற்கு முன் வியாபாரப் பெயர்ப் பதிவு வேண்டும். பிரதேச செயலகத்தில் அதற்கான விண்ணப்பத்தை எடுத்து, அடையாள அட்டைப் பிரதி, இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் சான்று ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். அப்பிளில் தனி உரிமையாளர் வியாபாரம் தனிநபராகவே சேர்க்கப்படும். செயலியின் கீழ் கடையின் பெயரல்ல, உங்கள் பெயரே தோன்றும். இதைக் கடைக்காரருக்கு முன்பே சொல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும்.

கணக்கைத் தவிர, தனியுரிமைக் கொள்கைக்கு ஓர் இணைய முகவரி, 512க்கு 512 அளவில் சின்னம், 1024க்கு 500 அளவில் முகப்புப் படம், செயலித் திரையின் குறைந்தது இரண்டு படங்கள் (ஸ்கிரீன்ஷொட்) ஆகியன தேவை. செயலிக்குள் பயனர் கணக்குத் திறக்கலாமென்றால், அதை அழிக்கும் வழியும் செயலிக்குள்ளும் இணையத்திலும் இருக்க வேண்டும்.

8. பன்னிரண்டு பேரை இப்போதே பிடியுங்கள்

2023 நவம்பர் 13இற்குப் பின் திறந்த தனிநபர் கணக்கிலிருந்து செயலியைப் பொதுவில் வெளியிட, 12 சோதனையாளர்கள் 14 நாட்கள் தொடர்ச்சியாக, நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் பங்கேற்கும் மூடிய சோதனையில் இணைந்திருக்க வேண்டும். 20 பேர் என்று சொல்லும் பழைய கட்டுரைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2024 இறுதியில் அது குறைக்கப்பட்டுவிட்டது. நிறுவனக் கணக்குகளுக்கு இந்த விதி இல்லை.

பன்னிரண்டு பேரென்பது கேட்க எளிது. ஆனால் வட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டால் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டுவார்கள், நாலு பேர்தான் உள்ளே வந்து இணைவார்கள். ஒவ்வொருவரின் ஜிமெயில் முகவரியையும், அவர் பிளே ஸ்டோரில் பயன்படுத்தும் அதே முகவரிதானா என்று கேட்டு வாங்குங்கள். இணைப்பை அழுத்தி இணையும்வரை பக்கத்திலிருந்து பாருங்கள். யாராவது இடையில் விலகினால் தொடர்ச்சி கெட்டுவிடும் என்பதால் 15, 16 பேரைச் சேர்ப்பது பாதுகாப்பு. நோன்புப் பெருநாள், தைப்பொங்கல் வரும் வாரங்களைத் தவிருங்கள். 14 நாட்கள் முடிந்தபின் விண்ணப்பத்தில், சோதனையாளர்கள் என்ன சொன்னார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். ஆகவே அவர்கள் குரற்பதிவில் சொல்வதையும் உடனுக்குடன் எழுதி வைத்திருங்கள். காசுக்குச் சோதனையாளர்களைத் தருகிறோம் என்ற விளம்பரங்களுக்குள் போகாதீர்கள். கணக்கே முடக்கப்படும் அபாயம் அதில் உண்டு.

பிளே ஸ்டோரே வேண்டாம், கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிளே ஸ்டோருக்கு வெளியே நிறுவப்படும் செயலிகளுக்கும் உருவாக்குநர் அடையாளச் சரிபார்ப்பு வேண்டும் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. அது 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் விரிவுபடுத்தப்படும் என்பது அந்த அறிவிப்பு.

9. செலவையும் உரிமையையும் எழுத்தில் வையுங்கள்

டொலரை 300 ரூபாயாக வைத்துக் கணக்கிட்டால் கூகுளுக்கு ஒரு தடவை 7,500 ரூபாய், அப்பிளுக்கு ஒவ்வொரு வருடமும் 29,700 ரூபாய். வங்கியின் மாற்றுக் கட்டணம் இதற்கு மேல். ஃபிளட்டர், ரியக்ட் நேட்டிவ், கோட்லின் மூன்றும் இலவசம். சேவையகத்துக்குக் கூகுளின் மேகச் சேவையான ஃபயர்பேஸ் பயன்படுத்தினால் தொடக்கத்தில் இலவச அளவே போதும், ஆனால் படங்களைச் சேமிக்கும் பகுதியைப் புதிதாகத் திறக்க அட்டை இணைத்த திட்டத்துக்கு மாற வேண்டும். மாறினால் அன்றைக்கே செலவு எச்சரிக்கையை வையுங்கள்.

பணம் வாங்கும் செயலியென்றால் இன்னொரு வேறுபாட்டைக் கவனியுங்கள். தயிர், கருவாடு, சேலை போன்ற பொருட்களுக்குப் பேஹியர் போன்ற உள்நாட்டுக் கொடுப்பனவு வழியைப் பயன்படுத்தலாம். செயலிக்குள்ளேயே நுகரப்படும் பாடம், சந்தா போன்றவற்றுக்குப் பொதுவாகக் கூகுளினதும் அப்பிளினதும் சொந்தக் கொடுப்பனவு முறைதான் விதி.

கணக்கு யாருடைய பெயரில் என்பதை வேலை தொடங்குமுன் தீர்த்துவிடுங்கள். வாடிக்கையாளர் தன் பெயரில் கணக்குத் திறந்து உங்களை அதில் பயனராகச் சேர்ப்பதே இரு தரப்புக்கும் நல்லது. செயலி உங்களுடையதே என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் கணினியில் மட்டும் வைக்காமல் இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். கூகுளின் கையொப்பச் சேவையில் இருந்தால் பதிவேற்றச் சாவி தொலைந்தாலும் புதியதைக் கேட்டுப் பெறலாம், ஆனால் அதற்கும் நாட்கள் பிடிக்கும்.

வெளியிட்டதோடு வேலை முடிவதில்லை. கூகுள் ஒவ்வொரு வருடமும் இலக்குப் பதிப்பை, அதாவது செயலி எந்த அண்ட்ரொயிட் பதிப்புக்கு ஏற்ப எழுதப்பட வேண்டும் என்பதை, உயர்த்துகிறது. 2025 ஓகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் புதுப்பித்தல்களும் அண்ட்ரொயிட் 15ஐ இலக்காகக் கொள்ள வேண்டியிருந்தது. அதற்கேற்பக் கருவியின் பதிப்பையும் ஒவ்வொரு வெளித்தொகுதியையும் உயர்த்தும் வேலை ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும். தொகுதிகள் அதிகமாக உள்ள ஃபிளட்டர், ரியக்ட் நேட்டிவ் செயலிகளில் அது கூடுதல் நேரம் எடுக்கும். "ஒருக்கா செஞ்சாச்சுதானே, பிறகென்ன காசு" என்று கேட்பவரிடம் அப்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆண்டுப் பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனி வரியாக ஒப்பந்தத்தில் எழுதி, கையொப்பமும் முற்பணமும் வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.